பேரம் பேசாமல் கார் வாங்குதல்: புதுக்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து ஒரு தொடக்கநிலை ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒருவர் புதுக் கார் வாங்கினால் ஊர் கேட்கும் முதல் கேள்வி ‘எவ்வளவு?’ அன்று, ‘எவ்வளவு குறைச்சாங்க?’ என்பதே. ‘நான் கேட்கவே இல்லை’ என்று விடை சொன்னவர் எவரும் முந்தைய ஆய்வுகளில் பதிவாகவில்லை. முந்தைய ஆய்வுகளே இல்லாதது அதற்கு ஒரு காரணமாகலாம். இக்குறையைப் போக்க இவ்வாய்வாளர் தம் சேமிப்பையும் ஒரு தாய்மாமனின் நன்மதிப்பையும் செலவிட்டார்.

2. வரலாற்றுப் பின்புலம்

சொந்தமாக அம்மன் காசு அடித்துப் புழங்கிய சீமை இது. 1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது காசு அடிக்கும் உரிமை கைமாறியது. விலையைத் தீர்மானிக்கும் உரிமையை மட்டும் மக்கள் இன்றுவரை எவரிடமும் ஒப்படைக்கவில்லை.

‘ஒரே விலை’ என்பது வெளியூர்ச் சரக்கு. 1673இல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், துணிக்கடை திறந்த மிட்சுயி குடும்பம் ‘ரொக்கம் மட்டும், சொன்னதே விலை’ என்ற முறையால் பேர்பெற்றது. ஜெனரல் மோட்டார்ஸின் சாட்டர்ன் நிறுவனம் 1990 முதல் அமெரிக்காவில் கார்களையே இப்படி விற்றது. 2010இல் கடையைக் கட்டியது. அதற்கு வேறு காரணங்கள் உண்டென்பர் பொருளியலார். மாமா அதை ஏற்கவில்லை. இந்தியாவில் 2021 அக்டோபரில் மெர்சிடிஸ் பென்ஸ் நாடு முழுக்க ஒரே விலை என்ற முறையைக் கொண்டுவந்தது. அவ்வண்டிகள் ஆய்வுப் பரப்புக்கும் ஆய்வாளரின் வங்கிக் கணக்குக்கும் அப்பாற்பட்டவை.

3. ஒப்பாய்வு

மாட்டுச் சந்தையில் தரகர் கையைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார். எந்த விரலுக்கு எத்தனை ஆயிரம் என்பது பிடித்தவருக்கும் கொடுத்தவருக்குமே வெளிச்சம். ஆனால் பேரம் நடப்பது சந்தைக்கே தெரியும். கார் ஷோரூமில் இது தலைகீழ். விலையை அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்கள். பேரத்தை மேனேஜர் அறைக்குள் ஒளித்து வைக்கிறார்கள். துண்டு போய்க் கண்ணாடிக் கதவு வந்திருக்கிறது. உள்ளே விரல் பிடிப்பது நின்றபாடில்லை.

4. களப்பணி

ஆடி கழிந்த முதல் முகூர்த்த நாளில் ஆய்வாளரும் மாமாவும் ஒரு ஷோரூமுக்குச் சென்றனர். ஆய்வறம் கருதிப் பெயர் தவிர்க்கப்படுகிறது. கழுத்துப்பட்டை அணிந்த தம்பி கொட்டேஷனை நீட்டினார். ஷோரூம் விலை, சாலை வரி, காப்பீடு, பதிவுச் செலவு, கூடுதல் வாரண்டி, ‘பேசிக் கிட்’ என்று ஏணி வைத்தாற்போல் ஏறியது தொகை.

“சரி தம்பி, இந்த விலைக்கே எடுத்துக்கறேன்.”

தம்பியின் பேனா நின்றது. மாமாவின் டீ டம்ளரும் பாதி வழியில் நின்றது.

“சார், வேற எங்கயாச்சும் கொட்டேஷன் வாங்கியிருக்கீங்களா?”

“இல்லை.”

“எக்ஸ்சேஞ்சுக்குப் பழைய வண்டி?”

“இல்லை.”

தம்பி உள்ளே போனார். மேனேஜர் வெளியே வந்தார். இரண்டாம் டீ வந்தது. மேனேஜர் குரலைத் தாழ்த்தி, “சார் எந்த டிபார்ட்மெண்ட்ல இருக்கீங்க?” என்றார். ‘சும்மா, ஆய்வு’ என்று பதில் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. அடுத்த பத்து நிமிடத்தில் கேளாமலே கால்மிதி வந்தது. சீட் கவர் வந்தது. ஐந்து லிட்டர் பெட்ரோல் வாக்களிக்கப்பட்டது. கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை போடும் மரபு ஷோரூமிலும் உயிரோடு இருப்பதை ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

மாமா சும்மா இருக்கவில்லை. சாலை வரி வரியில் விரலை வைத்து, “இதுல பாத்துச் செய்யக் கூடாதா?” என்றார். ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்குத் தமிழ்நாட்டில் 13 விழுக்காடு வாழ்நாள் வரி; அதில் ஒரு பைசா குறையாது என்று தம்பி பணிவாக விளக்கினார். தமிழகத்தில் பேரம் பேசாமல் விற்கும் ஒரே கடை அரசாங்கம்தான் என்பது இதனால் பெறப்படுகிறது.

5. முடிவுகள்

வாசலுக்கு வந்ததும் மாமா கேட்டார்: “மாப்ள, நீ கேக்காமயே இவ்வளவு குடுத்தானுகன்னா, கேட்டிருந்தா?”

இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு இதுவே. பேரம் பேசுபவர் ஒரு தொகையை மிச்சம் பிடிக்கிறார். அதற்கு ஓர் எல்லை உண்டு. பேரம் பேசாதவர் எவ்வளவு இழந்தார் என்பதற்கு எல்லையே கிடையாது. பேரத்தால் வாங்குபவருக்குக் கிடைப்பது தள்ளுபடியைவிட மேலான ஒன்று: கணக்கு முடிந்துவிட்டது என்ற தூக்கம்.

6. குறைபாடுகள்

ஆய்வாளர் தம் தரவைத் தாமே கெடுத்துக்கொண்டார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டி தெருவுக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டு அத்தை வழக்கமான கேள்வியைக் கேட்க, ‘நாப்பதாயிரம்’ என்று வாய் தானாகவே சொல்லிவிட்டது. “அவ்வளவுதானா?” என்றார் அத்தை.

அந்த ‘தானா’வை மாமாவால் பொறுக்க முடியவில்லை. ஆலங்குடிக் கல்யாண வீட்டில் அதை ஐம்பதாக்கினார். கீரமங்கலத்து மொய் விருந்தில் அறுபது. கார்த்திகைக்குள் எழுபத்தைந்தைத் தொட்டுவிட்டது. இதே வேகத்தில் போனால், பொங்கலுக்குள் இந்த வண்டி எனக்கு இனாமாகவே கிடைத்திருக்கும்.