கடைசல் பிடிக்கும் பேரனுக்கு

கடைசல் மிஷின் வாங்கியாச்சு, புறவாசல்ல தகரக் கூரையும் போட்டாச்சு. பலே, பேராண்டி! உங்க ஆச்சி ஒரு மத்து கேட்டா. சித்திரை போய் ஆவணியும் வந்திருச்சு. அவளுக்கென்ன, மோரை அகப்பையால அடிச்சுப் பழகிட்டா. நீ அவசரப்படாதே.

நீ அவசரப்படுறதெல்லாம் ஆகாத எடத்துலதானே! போன வாரம் சாய்ச்ச வேம்பை இந்த வாரமே மாட்டிக் கிண்ணம் கடைஞ்சே. வட்டமாத்தான் வந்துச்சு. காயக் காய முட்டையாப் போச்சு. பச்சை மரம் எல்லாப் பக்கமும் ஒண்ணுபோலச் சுருங்காதுடா. வளையத்தை ஒட்டிச் சுருங்குறது, நடுவுலேர்ந்து வெளியே சுருங்குறதைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பலகையா அறுத்துப் போட்டா அங்குலக் கனத்துக்கு ஒரு வருசம் காயணும்னு கணக்கு. வெட்டு முனையில மெழுகு தடவி நெழல்ல வச்சா வெடிப்பு குறையும். அதுவரைக்கும் கை சும்மா இருக்காதுன்னா, 10 அங்குலக் கிண்ணத்தை ஒரு அங்குலக் கனத்துல தடியாக் கடைஞ்சு காயவிடு. கோணினதுக்கப்புறம் மறுபடி மாட்டி வட்டம் பிடி.

அடுத்து, உளி கொத்துதாம், மிஷின் சரியில்லையாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! உளியோட சாய்வு முதல்ல மரத்துல உக்காரணும். அப்புறம் பிடியை மெல்லத் தூக்கினா விளிம்பு தானா வெட்டும். நீ நுனியை நேரே கொடுக்கிறே, அது கொத்தாம முத்தமா கொடுக்கும்? சாணை பிடிக்க ரெண்டு நிமிசம் சோம்பிட்டு, பொழுதன்னைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறே. மிச்சம் பிடிச்ச நேரம் கந்துவட்டிக்காரன் மாதிரி வாசல்ல வந்து நிக்குது. பழி மட்டும் மரத்து மேல.

வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. குறுக்களவு எத்தனை அங்குலமோ, அதை நிமிசத்துச் சுற்றால பெருக்கினா 6,000-லேர்ந்து 9,000-க்குள்ள நிக்கணும். 10 அங்குலக் கட்டைக்கு 600 முதல் 900. கோணக் கட்டைன்னா இன்னும் கொறைச்சுத் தொடங்கு. அன்னைக்கு நீ முடுக்கின முடுக்குல கட்டை கூரையைப் பேத்துக்கிட்டுப் போச்சு. பக்கத்து வீட்டுச் சேவல் இன்னும் இந்தப் பக்கம் கூவ வரலை. சுவிட்ச் போடுமுன்ன கையால ஒரு சுத்து சுத்தி, எங்கயாவது இடிக்குதான்னு பாரு. வேட்டி துண்டோட கிட்டப் போகாதே, மிஷினுக்கு மானம் மரியாதை தெரியாது. மூஞ்சிக்கு மறைப்பு மாட்டிக்கோ. இல்லேன்னா இந்த வயசுலயே உன் சிரிப்பும் என் சிரிப்பும் ஒண்ணாயிரும்.

கடைசியா ஒரு தொழில் ரகசியம். என்ன கடையப் போறேன்னு முன்கூட்டி ஊருக்குச் சொல்லாதே. கட்டில் கால் வெடிச்சா பூரிக்கட்டை, பூரிக்கட்டையில உளி கொத்துனா பம்பரம், பம்பரமும் கோணுனா உளிக்குப் பிடி. எல்லாம் முடிஞ்சப்புறம் பேர் வை. கை தவறாத ஆசாரின்னு பேர் எடுத்தவனெல்லாம் வேற எப்படி எடுத்தான்னு நெனைக்கிறே?