மோட்டார் ரூமுல எடுக்குதா?

என்னப்பா பேராண்டி, கண்ணு செவந்து கெடக்கு? போன் கம்பெனிய மாத்தணும்னு ராத்திரி பூரா வீடியோ பார்த்தியாக்கும்? உங்க அக்காவுக்கு மாப்பிள்ளை தேடுனப்பக்கூட உங்க வீட்டுல இம்புட்டு விசாரிக்கலையே!

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நீயும் உன் கூட்டாளிகளும் பேசுறதக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒருத்தன் "எங்க கம்பெனிதான் வேகம்"ங்கிறான். இன்னொருத்தன் "எங்களது ஃபைவ் ஜி"ங்கிறான். எங்க கம்பெனியா? உங்க அப்பன் அதுல பங்கு போட்டு வச்சிருக்கானா? மாசம் பொறந்தா ரீசார்ஜுக்கு நீதான அழற? சரி, அந்த ஃபைவ் ஜிய வச்சு என்னாத்தப் பண்ற? காலையில வாழைத்தாரு வெல கேக்குற. மத்தியானம் ரீல்ஸ் பாக்குற. ராத்திரி அந்தப் புள்ளைக்கு "சாப்ட்டியா"ன்னு அனுப்புற. அவ சாப்ட்டாளா இல்லையான்னு தெரிய எதுக்குய்யா அம்புட்டு வேகம்?

நம்ம பூமியக் கொஞ்சம் நிமிந்து பாரு. மேற்க கேரளா எல்லை மலை. கெழக்க மேகமலை. நடுவுல நாம. டவர்ல இருந்து வர்ற அலை மலையக் கொடைஞ்சுக்கிட்டா வரும்? கம்பம் கடைவீதியில முழுசா எடுக்குற போனு, அடிவாரத் தோட்டத்துக்குப் போனா மூச்சு விடாது. குமுளி ஏறிட்டாக் கேரளா டவரு வந்து ஒட்டிக்கிடும். ஏலக்காட்டு வேலைக்கு ஜீப்புல போற பொம்பளையாளுகளக் கேளு. எந்த வளைவுல எந்தக் கம்பெனி எடுக்கும், எந்தப் பாறையில ஏறி நின்னா வீட்டுக்குப் பேசலாம்னு வரிசையாச் சொல்லுவாக. நீ பார்த்த வீடியோக்காரனுக்கு அது தெரியுமா? சென்னையில உக்காந்து வேகம் அளக்குறவன் உன் மோட்டார் ரூமுக்கு என்னைக்கு வந்தான்?

மொதல்ல அந்த மோட்டார் ரூமத்தான் பாக்கணும். போன்லயே மோட்டாரப் போட்டு அணைக்கிற பெட்டி ஒண்ணு மாட்டி வச்சிருக்கியே, அதுக்குள்ள இருக்கிறதும் ஒரு சிம்முதான? படுத்த எடத்துல இருந்தே தண்ணி பாய்ச்சலாம்னுதான வாங்குன? டவர் எடுக்கலைன்னா நடுராத்திரியில டார்ச்சு லைட்ட எடுத்துக்கிட்டு நீதான் பாம்புக்கும் பன்னிக்கும் நடுவுல நடக்கணும். ஆகையால, போகப்போற கம்பெனி சிம்மு வச்சிருக்கிற பங்காளி ஒருத்தனக் கூட்டிட்டுப் போ. வீட்டுக்குள்ள நின்னு பாரு, கெணத்து மேட்டுல நின்னு பாரு, வேலைக்குப் போற எடத்துல பாரு. எடுத்தா மாறு. எடுக்கலையா? அவன் விளம்பரத்துல எந்த நடிகன் ஆடுனா உனக்கென்ன?

பேரைப் பார்த்து மயங்குனவங்க கதை வேணும்னா ஏர்செல்லப் பாரு. 1999-ல நம்ம தமிழ்நாட்டுல கெளம்புன கம்பெனி. சென்னை கிரிக்கெட் டீம் சட்டையில நெஞ்சு மேல ஒட்டியிருந்த பேரு. நம்ம பக்கம் திரும்புன பக்கமெல்லாம் அந்த சிம்முதான். 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து ஓசியில வாரிக் குடுத்துச்சு. சந்தையே கலங்கிப்போச்சு. 2018 பிப்ரவரியில ஏர்செல்லுக்கும் டவர்க்காரங்களுக்கும் பாக்கித் தகராறு முத்திப்போயி, தமிழ்நாடு பூராவும் போனு ஊமையாச்சு. மாசக் கடைசியில திவால் மனுவே போட்டுட்டாக. இதுல கூத்து என்னான்னா, "நான் வேற கம்பெனிக்குப் போறேன்"னு மெசேஜ் அனுப்ப அந்தச் செத்த சிம்முலயேதான் டவர் வேணும். இல்லாத டவர்ல எங்கிட்டிருந்து அனுப்புறது? சனம் போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு மொட்டை மாடி மொட்டை மாடியா ஏறுச்சு. பேங்கு, ஆதாரு, கேஸு எல்லாம் அந்த நம்பர்லதான இருக்கு? அப்புறம் போன் கம்பெனிகளக் கண்காணிக்கிற டிராய் தலையிட்டு, ஏப்ரல் 15 வரைக்கும் மாறிப் போறவங்களுக்கு அதுக்கான கோடு நம்பரக் குடுக்கணும்னு சொல்லுச்சு. கம்பெனி ஆட்டங் காணுதுன்னு காதுல விழுந்தா, டவர் நிக்கும்போதே கெளம்பிடணும்.

மாறுறது இப்ப என்னா பெரிய வித்தை? 2011 ஜனவரி 20-க்கு முன்னாடி கம்பெனிய விட்டா நம்பரையும் விடணும். ஹரியானாக்காரனுக்கு மட்டும் ரெண்டு மாசம் முந்தியே குடுத்துப் பார்த்தாக. அதுக்கு முன்ன நம்பர் மாறுனா, திராட்சை யாவாரியில இருந்து சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லித் தீராது. கடைச் சுவத்துல பெயிண்டுல எழுதுன நம்பர வேற அழிச்சு எழுதணும்.

இப்ப, போர்ட்டுன்னு இங்கிலீசுல அடி. ஒரு எடம் விடு. உன் பத்து நம்பரப் போட்டு 1900-க்கு மெசேஜ் தட்டு. எட்டு எழுத்துல ஒரு கோடு வரும். அதுக்கு ஆயுசு நாலே நாளு. அதுக்குள்ள ஆதார எடுத்துக்கிட்டுப் புதுக் கம்பெனி கடைக்குப் போயிரணும். தமிழ்நாட்டுக்குள்ளன்னா மூணு வேலை நாளு. கட்டப்பனைக்கு வாக்கப்பட்டுப் போன உங்க அக்கா, நம்ம ஊரு நம்பரக் கேரளாக் கணக்குக்கு மாத்துனா அஞ்சு. கட்டணம் 6 ரூபா 46 காசு. ஒரு டீக்குக் காணாது, இதுக்கா ராத்திரி முழிச்ச?

ரீசார்ஜ் தீந்த போன்ல மெசேஜ் போகாதுன்னு ஒருத்தன் மெரட்டுவான். போர்ட் மெசேஜுக்கு மட்டும் எந்தப் பிளானா இருந்தாலும் வழி விடணும்னு 2021 டிசம்பர்லயே டிராய் உத்தரவு போட்டாச்சு. மிச்சம் கெடக்குற பேலன்சு கூட வராது, அதனால புதுசா ரீசார்ஜ் போட்டுட்டு மறுநாளு மாறுற புத்திசாலித்தனம் வேணாம். பில்லு கட்டுற சிம்முன்னா பாக்கியத் தீத்துட்டுப் போ. சிம்மு தொலைஞ்சு வேற வாங்கியிருந்தா ஏழு நாளு பொறு, கோடு குடுக்க மாட்டாக. 2024 ஜூலையில வந்த சட்டம் அது, நம்பர்த் திருடனுக்காகப் போட்டது. அந்தக் கோட்ட எவனாச்சும் "சார், சொல்லுங்க சார்"னு போன்ல கேட்டா, சொல்லிட்டு வாயப் பொளக்காத. உன் நம்பரு அவன் கைக்குப் போனா, பேங்கு ஓடிபியும் அவன் கைக்குத்தான் போகும்.

இன்னொரு கூத்தும் நடக்கும். நீ கெளம்புறன்னு தெரிஞ்சதும் பழைய கம்பெனியில இருந்து தேனா ஒரு கொரலு வரும். இத்தன நாளா உன் புகாரக் கேக்க ஆளே இல்ல. இப்ப உனக்கு மட்டுமே ஆஃபராம்! கேட்டு வச்சுக்க, தப்பில்ல. ஆனா அந்தக் கொரலு மோட்டார் ரூமுல டவரு நட்டுக் குடுக்குமான்னு ஒரு கேள்வி கேட்டுரு.

பழைய சிம்ம அவசரப்பட்டுக் கழத்தாத. அதுல சிக்னலு அத்துப் போனாத்தான் புதுச போடணும். நடுவுல நாலு மணி நேரம் வரைக்கும் ரெண்டுமே எடுக்காது, பெரும்பாலும் அது ராத்திரியிலதான். பேங்கு வேலை எதுவும் இருந்தா மொதல்லயே முடிச்சுக்க.

2024 ஜூலையில மூணு பெரிய கம்பெனியும் ஒரே வாரத்துல வெலய ஏத்துனப்ப, கோவிச்சுக்கிட்டு லட்சக்கணக்குல சனம் பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறுச்சு. கோவம் நியாயந்தான், நான் இல்லைங்கல. ஆனா அங்க 4ஜி அப்ப முழுசா வரல. 2025 செப்டம்பர்லதான் நாடு முழுக்கன்னு தொடக்க விழாவே நடந்துச்சு. எறங்கப்போற எடத்த விசாரிக்காமக் குதிச்சவன் பாதிப்பேரு, டீக்கடையில என் பக்கத்துல உக்காந்து அதையும் திட்டுனான்.

நீயும் திட்டுவ, எனக்குத் தெரியும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. ஒரு தடவ மாறிட்டா 90 நாளைக்கு அங்கிட்டு இங்கிட்டு நகர முடியாது, சட்டம் அப்படி. அதுக்குள்ள திட்டணும்னு தோணுச்சுன்னா டீக்கடைக்கு வா, கேக்குறேன். காசு நீதான் குடுக்கணும்.