ஏழாட்டமும் ஏழடியும்

கேள்வி: ரம்மியில் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றேன். விட்டதைப் பிடிக்கும்வரை மனதை அடக்குவது எப்படி?
– வாசகர், அன்னவாசல்

பதில்: விட்டதை நீங்கள் பிடிப்பதற்குள் சீட்டு உங்களைப் பிடித்துவிட்டது, ஐயா! தோற்ற ஆத்திரத்தில் நிதானம் இழக்கும் இந்த நிலையைப் போக்கர்க்காரர்கள் 'டில்ட்' என்பார்கள். பின்பால் இயந்திரத்தை ஆத்திரத்தில் உலுக்கினால் அது ஆட்டத்தையே நிறுத்திவிடும். அங்கிருந்து வந்த சொல். மனிதனுக்கு அந்த வசதி இல்லாததால்தானோ என்னவோ, 2025-இல் தமிழக அரசு காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டியது. அந்த ஆகஸ்டிலேயே நிறைவேறிய மத்தியச் சட்டம் அவற்றை மொத்தமாகத் தடை செய்தது. (நீங்கள் எங்கே ஆடினீர்கள் என்று கேட்கமாட்டேன்.)

ஏழு ஆட்டம் போனவருக்குப் பக்கத்திலேயே சித்தன்னவாசல் மலையின் ஏழடிப்பட்டம் குகை இருக்கிறது. போனை வீட்டில் வைத்துவிட்டு ஏறுங்கள். அங்கே சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் இருக்கின்றன. தலையணையும் கல்தான், அடமானம் வைக்க முடியாது.