உப்பு விளையாத மாதங்கள்

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது புதுச்சேரி என்றாலே திண்டிவனம் வழிதான். கிழக்குக் கடற்கரைச் சாலை அப்போது இப்படி வரவில்லை. மரக்காணத்துக்குத் திண்டிவனத்தில் கிழக்கே திரும்ப வேண்டும். அங்கே உறவினர் இருந்ததால் அரையாண்டு லீவில் மாமாவின் அம்பாசடரில் போவோம். பனைமரங்கள் முடிகிற இடத்தில் நிலம் சட்டென்று மொட்டையாகும். மரமில்லை, வீடில்லை, கண்ணுக்கெட்டிய தூரம் உப்பள வரப்பும் தண்ணீரும்தான். கோடையில் வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து, மழைக்குப் பனையோலை வேய்ந்திருப்பார்கள். ஓலைக்கடியில் கையை விட்டு ஒரு கல்லை எடுத்து வாயில் போடுவோம். முதலில் கரிப்பு, பிறகு நாக்கின் ஓரத்தில் லேசாகக் கசப்பு.

மாமா கால்வாயைக் காட்டுவார். காக்கிநாடாவில் தொடங்குகிற பக்கிங்காம் கால்வாய் இந்தப் பக்கத்தில்தான் முடிகிறது; ஒரு காலத்தில் உப்பு தோணியேறிச் சென்னைக்குப் போன வழி. நாங்கள் பார்த்தபோதே அதில் தோணி இல்லை.

இப்போது மார்கழி வந்தால் அதே உப்பளத்தோரம் கார்கள் வரிசையாக நிற்கின்றன. சூரிய உதயத்துக்கு வருகிறார்கள், கல்யாண ஜோடிகளைப் படமெடுக்க வருகிறார்கள். ஓலை போய்த் தார்ப்பாய் வந்துவிட்டது. இவ்வளவு பேர் நின்று பார்ப்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அன்று எங்களைத் தவிர யாரும் நின்றதில்லை.

தங்கை கலிபோர்னியாவில் இருக்கிறாள். ஒரு டிசம்பரில் அவள் குடும்பத்தோடு டெத் வேலிக்குக் காரில் போனோம். கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, பேட்வாட்டர் என்னுமிடத்தில், உப்புத்தரை கட்டம் கட்டமாக வெடித்து மலையடிவாரம்வரை கிடக்கிறது. அங்கேயும் குளிர்காலந்தான் சுற்றுலாக் காலம். கோடையில் நிற்க முடியாது. 1933-ல் தேசிய நினைவிடமாகி, 1994-ல் தேசியப் பூங்காவான இடம். உப்புத்தரையில் நடந்தபோது எனக்கு ஊர் நினைப்பு வந்தது. ஆனால் அங்கே உப்பு வாருவதற்கு ஆளில்லை. அந்தப் பள்ளத்தாக்கைக் காலங்காலமாகத் தாய்நிலமாகக் கொண்டிருந்த டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு அவர்களுடைய நிலத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் வந்தது 2000-ல்தான். நினைவிடமாக அறிவித்து அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து. இயற்கையைக் காப்பதென்று தொடங்கும்போது, அங்கே ஏற்கெனவே வாழ்கிறவர்கள் எவ்வளவு சுலபமாக மறக்கப்பட்டுவிடுகிறார்கள்!

மரக்காணத்தில் அது நடக்கக் கூடாது. பக்கத்திலேயே கழுவேலி இருக்கிறது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது, 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வடக்கே குளிர் கடுமையாகும்போது மத்திய ஆசியாவிலிருந்து பறவைகள் இங்கே இறங்குகின்றன. சேறும் அரையடித் தண்ணீருமாகக் கிடக்கிற இடத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்வதைப் பார்த்தவர்கள் இதைப் பொட்டல் என்று சொல்லமாட்டார்கள்.

பறவைக்கு நல்ல அந்த மாதங்கள்தாம் உப்புக்காரர்களுக்கு மோசமானவை. போன முறை வரப்பில் மண் அணைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் உப்பு எங்கே என்று கேட்டேன்.

"இப்ப இன்னா உப்பு தம்பி? ஐப்பசி மழ விழுந்ததுமே நின்னுபோச்சு. தை பொறந்து தண்ணிய எறச்சி, சேத்த வாரி, தரைய மிதிச்சி கெட்டியாக்கணும். மாசி பங்குனில வா, வெள்ளையா பாக்கலாம்."

"அதுவரைக்கும் என்னம்மா பண்ணுவீங்க?"

"ஏரி வேல குடுத்தா போவேன். இல்லன்னா கடன்தான்."

அவர் மிதித்துக் கெட்டியாக்குகிற தரையில்தான் எல்லாம் இருக்கிறது. உவர்நீரைப் பாத்தி பாத்தியாகக் கடத்தி வெயிலில் வற்றவைத்து, அடர்த்தி அளக்கும் மானியில் 25 டிகிரி காட்டும்போது உப்பு பூக்கத் தொடங்கும். கடல்நீரோ 3 டிகிரி சொச்சம்தான். மிச்சத் தண்ணீரை நேரத்துக்கு வடிக்காவிட்டால் மக்னீசியம் சேர்ந்து கசக்கும். சிறுவயதில் என் நாக்கில் பட்டது அதுதான். இத்தனை வேலையும் ஒரே மழையில் கரைந்துவிடும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது இந்த அளங்கள் வெள்ளக்காடாகக் கிடந்தன.

மழைக்கால மாதங்கள் மூன்றுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் அடுப்பு எரிய அது போதாது. சரணாலயம் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டவும் பறவைகளைக் கணக்கெடுக்கவும் அந்த மூன்று மாதமும் இவர்களையே சம்பளத்துக்கு வைக்கலாம். எந்தப் பாத்தியில் எந்தப் பறவை இறங்கும் என்று இவர்களைவிட யாருக்குத் தெரியும்?

பங்குனியில் பிள்ளைகளோடு வருகிறேன் என்று சொன்னேன். "விடியக்காலம் நாலு மணிக்கே வந்துடு தம்பி. பத்து மணிக்கு மேல உப்பு வெளிச்சத்துல கண்ணு கூசும், பசங்களால நிக்க முடியாது" என்றார்.