15 நிமிடத்துக்கு ஒரு தரிசனம்

அமெரிக்காவில் பிலடெல்பியாவை ஒட்டி லோயர் மெரியன் என்று ஒரு வசதியான வட்டாரம். கூடைப்பந்துக்காரர் கோபி பிரையன்ட் பள்ளியில் படித்தது அங்கேதான். காசுக்குக் குறைச்சல் இல்லாத ஊர் என்பதால், அரசு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மேக்புக் கொடுத்தார்கள். 2008-ல் ஹாரிட்டன் பள்ளியில் தொடங்கி, மறுவருடம் லோயர் மெரியன் பள்ளிக்கும் கொடுத்ததில் மொத்தம் 2,300 சொச்சம்.

கொடுத்த பொருள் திருட்டுப் போனால்? பொறுப்புள்ள நிர்வாகம் அதையும் யோசித்தது. லேன்ரெவ் என்ற மென்பொருளில் 'தெஃப்ட் டிராக்' என்றொரு வசதி இருந்தது. அதை முடுக்கிவிட்டால் போதும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை லேப்டாப் தன் எதிரில் இருப்பவரைப் படம் பிடிக்கும். திரையில் ஓடுவதையும் படம் பிடிக்கும். எந்த ஐ.பி. முகவரியில் இருக்கிறோம் என்று குறித்துக்கொண்டு எல்லாவற்றையும் பள்ளி சர்வருக்கு அனுப்பிவிடும். சித்திரகுப்தன்கூட இத்தனை கறாராகக் கணக்கு எழுதியதாகப் புராணத்தில் இல்லை. அவனுக்குச் சாப்பாட்டு வேளையாவது இருந்திருக்கும்.

இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வரி எழுதிக் கொடுக்க மட்டும் யாருக்கும் கை வரவில்லை. சொன்னால் திருடன் உஷாராகிவிடுவானே!

மொத்தக் கதையிலும் புத்தியுள்ள பாத்திரம் ஒன்றுதான். அதுவும் ஒரு மாணவன். 2008 ஆகஸ்டில் பள்ளிக் கணினித் துறையில் பயிற்சிக்கு வந்த அந்தப் பையன் இந்த வசதியைப் பார்த்து அரண்டுபோய், மாணவர்களுக்குத் தெரியாமல் இதை வைத்திருப்பது சரியில்லை என்று துறைத் தலைமைக்கு மின்னஞ்சல் எழுதினான். வீட்டில் இருக்கும் பிள்ளைகளைக் கண்காணிக்க ஒருநாளும் சம்மதிக்க மாட்டோம், மூச்சை இழுத்து விட்டுவிட்டு நிம்மதியாக இரு என்று பதில் வந்தது. பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டியதுதானே!

அடுத்து, கேமரா பக்கத்தில் இருந்த பச்சை விளக்கு தானாகவே மினுக்கியது. என்ன என்று போய்க் கேட்டால், ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி அனுப்பினார்கள் என்கிறார்கள் மாணவர்கள். சில பிள்ளைகள் கேமராமேல் டேப்பைக் கிழித்து ஒட்டிக்கொண்டார்கள். அந்த ஊரில் செலவே இல்லாமல் அமலான ஒரே பாதுகாப்புக் கொள்கை அதுதான்.

2009 நவம்பரில் ஹாரிட்டனில் படித்த 15 வயதுப் பையன் ஒருவனைத் துணை முதல்வர் கூப்பிட்டு விசாரித்தார். 'நீ வீட்டில் செய்கிற காரியம் சரியில்லை' என்று லேப்டாப் எடுத்த படத்தை ஆதாரமாகக் காட்டியதாகப் பையன் தரப்பு சொன்னது. மாத்திரை விழுங்குகிறான், போதைச் சமாச்சாரம் என்று சந்தேகம். பையனோ அது 'மைக் அண்ட் ஐக்' மிட்டாய் என்றான். நான் யாரையும் கண்காணிக்கச் சொல்லவே இல்லை என்றார் துணை முதல்வர். மிட்டாயா மாத்திரையா என்பது ஒரு பக்கம் கிடக்கட்டும். அவன் படுக்கையறையில் வாயில் போட்டுக்கொண்டது பள்ளிக்கூடத்துக்கு எப்படித் தெரிந்தது?

அங்கேதான் குட்டு உடைந்தது. காப்பீட்டுக் கட்டணமாக 55 டாலர் கட்டாமல் பையன் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தானாம். 55 டாலர் பாக்கிக்காக அவன் தூங்குவதும், அரைகுறை உடையில் நிற்பதும், நண்பனோடு அரட்டை அடிப்பதும் சேர்த்து 400-க்கும் மேற்பட்ட படங்கள் பள்ளி சர்வரில் ஏறியிருந்தன. வட்டிக்கடைக்காரர்கள்கூட வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

2010 பிப்ரவரியில் குடும்பம் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. பள்ளி நிர்வாகமே வைத்த வழக்கறிஞர் குழு கிளறியதில் ஏறத்தாழ 58,000 படங்கள் கிடைத்தன. இன்னொரு மாணவன் லேப்டாப்பைப் பள்ளியிலேயே மறந்து வைத்திருக்கிறான். அது கிடைத்து, அவன் கைக்கும் வந்துவிட்டது. கண்காணிப்பை நிறுத்தத்தான் ஆளில்லை. ஏறக்குறைய இரண்டு மாதம் ஓடி, 1,000 படங்களைத் தாண்டியது. முடுக்குவதற்கு ஆள் இருந்தது, மென்பொருள் இருந்தது, காரணம் இருந்தது. அணைப்பது மட்டும் யார் வேலை என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? இதெல்லாம் நம் பள்ளியின் குட்டி டிவி சீரியல் மாதிரி இருக்கிறது என்று ஊழியர் ஒருவர் மின்னஞ்சல் போட, ஆமாம், எனக்கும் ரொம்பப் பிடிக்கிறது என்று கணினித் துறை அதிகாரி பதில் போட்டார். இரண்டும் பின்னர் நீதிமன்ற ஆவணமாயின.

மார்ச்சில் செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர் பிலடெல்பியாவுக்கே வந்து விசாரணை நடத்தினார். அப்போதுதான் ஓர் அதிசயம் தெரிந்தது: ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டத்தில், சத்தமில்லாமல் படம் மட்டும் பிடித்தால் அது வராது. பேச்சைத் திருடினால் குற்றம், மூஞ்சியைத் திருடினால் பரவாயில்லை! அந்த ஓட்டையை அடைக்க அவர் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. ஆகஸ்டில் அரசு வழக்கறிஞர்களும் குற்ற நோக்கத்துக்கு ஆதாரமில்லை என்று கோப்பை மூடிவிட்டார்கள். நோக்கம் எப்போது குறுக்கே வந்தது? மெத்தனம் ஒன்றே போதுமாக இருந்ததே.

அக்டோபரில் சமரசம். நிர்வாகம் 6,10,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. முதல் பையனுக்கு 1,75,000, இரண்டாமவனுக்கு 10,000. மீதி 4,25,000 யாருக்கு என்று கேட்காதீர்கள், வக்கீலுக்குத்தான். வராத 55 டாலரோடு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பணத்தில் 11,000 லேப்டாப்புக்குமேல் காப்பீடு கட்டியிருக்கலாம்.

இந்தக் கதையில் வில்லனைத் தேடினால் கிடைக்க மாட்டார். எல்லோரும் அவரவர் வேலையைச் செய்தவர்கள். அதனால்தான் இதே கதை எந்தப் பள்ளியிலும் நடக்கலாம். ஆகவே, உங்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கணினியோ டேப்லெட்டோ கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எதைப் பார்ப்பீர்கள், யார் பார்ப்பார்கள், எப்போது நிறுத்துவீர்கள் என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். 'நிம்மதியாக இருங்கள்' என்பது மட்டும் பதிலாக வந்தால், கையெழுத்துப் போடாதீர்கள்.