வெளிச்சமே வடை: கேள்வி-பதில்

பட்டறைக்காரர் ஒருவர், அம்பத்தூர் தொழிற்பேட்டை
கேள்வி: எங்கள் லேசர் இரும்புத் தகட்டை வெட்டுகிறது. லேசரால் அணுவைப் பிடித்தும் வைக்கலாம் என்கிறான் மகன். நம்பலாமா?

பதில்: தாராளமாக. உங்கள் ஃபைபர் லேசரின் அலைநீளம் சுமார் 1,070 நானோமீட்டர். ரூபிடியம் அணுவைப் பிடிக்க ஆய்வகங்கள் பெரும்பாலும் எடுப்பது 1,064. ஏறக்குறைய ஒரே சரக்கு. இரும்பு அந்த ஒளியை விழுங்குகிறது, உருகுகிறது. ரூபிடியம் விழுங்குவது 780-ஐ. 1,064-ஐ அது அநேகமாகத் தொடுவதே இல்லை. ஆனால் விழுங்காத ஒளிக்கும் இழுக்கத் தெரியும்.

கல்லூரி மாணவி, ஆவடி
கேள்வி: விழுங்காத ஒளி எப்படி இழுக்கும்?

பதில்: ஒரு சாவியை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். கையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினால், கை போகும் பக்கமே சாவியும் போகும். வேகமாக ஆட்டினால், கை வலப்பக்கம் போகும்போது சாவி இடப்பக்கம் போகும். ஒளி என்பது ஆடும் மின்புலம். சாவியின் இடத்தில் அணுவின் எலக்ட்ரான். அணுவின் சொந்தத் துடிப்பைவிட மெதுவாக ஆடும் ஒளி, அதாவது அலைநீளம் கூடிய ஒளி, பட்டால் எலக்ட்ரான் அதோடு ஒத்து ஆடும். அணு வெளிச்சம் மிகுந்த இடத்தை நாடி வரும். ஒளி வேகமாக ஆடினால் எலக்ட்ரான் எதிராக ஆடும். அணு இருட்டுப் பக்கம் ஒதுங்கும். நிறத்தை மாற்றினால் உறவே மாறுகிறது! பத்து நிமிடம் சாவியை ஆட்டிப் பாருங்கள், சமன்பாடு கைக்கே புரிந்துவிடும்.

வாசகி, பூந்தமல்லி
கேள்வி: எலிப்பொறிக்கு வடை. அணுப்பொறிக்கு?

பதில்: வெளிச்சமே வடை. லேசர் குவியும் புள்ளிதான் பொறி. கதவு மட்டும் கிடையாது.

வாசகர், திருமுல்லைவாயல்
கேள்வி: கதவில்லாத பொறியில் அணு எப்படித் தங்கும்?

பதில்: ஓடும் அணு தங்காது. முதலில் அதன் ஓட்டத்தை அடக்க வேண்டும், அதற்கும் லேசர்தான். அறை வெப்பத்தில் ரூபிடியம் நொடிக்குச் சுமார் 300 மீட்டர் பாய்கிறது. எதிரே வந்து மோதும் ஓர் ஒளித்துகள் அதில் குறைப்பது வெறும் 6 மில்லிமீட்டர். ஐம்பதாயிரம் மோதல் வேண்டும். சில மில்லிநொடிகளில் அது முடிந்துவிடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் புல்லரிக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவன் சூ, ஆர்தர் ஆஷ்கின் முதலியோர் 1985-ல் சோடியம் அணுக்களை இப்படி அடக்கினார்கள். மறு ஆண்டே சுமார் 500 அணுக்களை ஒளிப்பொறியில் நிறுத்தினார்கள். ஆஷ்கினுக்கு நோபல் வந்தது 2018-ல், 96 வயதில். அவ்வளவு காக்க வைத்திருக்கக் கூடாது.

அதே வாசகர்
கேள்வி: பிடித்து வைத்து என்ன பயன்?

பதில்: கடிகாரம். லேசர் வலையில் நிறுத்திய ஸ்ட்ரான்சியம் அணுக்களால் ஓடும் கடிகாரம், 1,500 கோடி ஆண்டுகளில்கூட ஒரு நொடி பிசகாத அளவுக்குத் துல்லியமானது.

பிளஸ் டூ மாணவர், பட்டாபிராம்
கேள்வி: இதைக் கற்க வெளிநாடுதான் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் சோடியம், பொட்டாசியம், ரூபிடியம் அணுக்களை லேசரால் குளிரவைத்து ஆராய்கிறார்கள். 1948-ல் அந்த நிலையத்தைத் தொடங்கியவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன்; சிதறும் ஒளியின் நிறம் மாறுவதை 1928-ல் கண்டு சொன்னவர். சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் பெங்களூரு ரயில்கள் உங்கள் ஊர் வழியாகத்தான் போகின்றன, தம்பி.