வந்த வழியே திரும்பலாமா?

கேள்வி: அகல டயர், தாழ்ந்த ஸ்பிரிங், அதிரும் சைலன்சர் என்று ஆசையாய் மாற்றிய காரை மறுபடி கம்பெனி அமைப்புக்கே கொண்டுபோவது தோல்விதானே?

பதில்: இல்லை, சுருதி சேர்ப்பது. வீணையில் ஒரு தந்தியை மட்டும் முறுக்கினால் ராகம் கெடும், காரும் அப்படித்தான். டயரின் சுற்றளவு 5 சதவீதம் கூடினால், முன்பு 100 கி.மீ. காட்டிய முள்ளுக்கு இப்போது 105 கி.மீ. வேகம் என்று பொருள். ஸ்பிரிங்கைத் தாழ்த்தினால் பள்ளத்தை விழுங்க ஷாக் அப்சார்பருக்கு இடம் குறையும். அந்த அடியை உங்கள் முதுகு வாங்கும். சட்டமும் குறுக்கே நிற்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தத் தடை விதிக்கிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

‘கம்பெனி அமைப்பு எல்லோருக்குமான சமரசம், எனக்கென்று ரசனை கிடையாதா?’ என்பீர்கள். சமரசம்தான். ஆனால் ஸ்பிரிங், டயர், பிரேக் மூன்றும் கலந்து பேசிச் செய்த சமரசம் அது. ‘போட்ட பணம்?’ அது போனதுதான். அதைக் காக்க இன்னும் செலவழிப்பதே நஷ்டம். பழைய பாகங்களைப் பொருத்தி, வீல் அலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட் கோணத்தையும் சரிசெய்யுங்கள். ரசனையை சீட் கவரில் காட்டலாம். சக்கரத்தில் நிதானம் இருக்கட்டும்.